ஏணைக்கயிறு அப்பாவின் கைக்கு வந்த கதை

பிள்ளை வீரிட்டு அழுதால் யாழ்ப்பாணத்து வீட்டில் முதலில் ஓடி வருபவர் அம்மம்மா. ஏணையை ஆட்டி ஓராட்டுப் பாடுவார். அடங்காவிட்டால் தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் நடப்பார், காகத்தைக் காட்டிப் பிராக்காட்டுவார். தகப்பன் விறாந்தையில் இருப்பார். பாசம் இல்லாதவர் அல்லர் அவர். பழக இடம் கிடைக்காதவர்.

ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. வீடும் காணியும் மகளுக்குப் போனதால், பல தம்பதிகள் பெண்ணின் தாய்வீட்டு வளவிலோ அயலிலோ குடியிருந்தார்கள். பிள்ளை பிறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. சரக்குக்கறி காய்ச்சுவதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் தாய்வழிப் பெண்களின் வேலை. மருமகன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி.

போதாததற்குத் தூரமும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயா ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் கிளாக்கர்களானார்கள். 1905இல் கொழும்புக்கு ரயில் பாதை இணைந்தபின், தெற்கில் உத்தியோகம், ஊரில் குடும்பம் என்ற வாழ்க்கை பரவியது. பிள்ளை பிறந்த செய்தி கேட்டு வந்தவர் லீவு முடிய மெயில் வண்டி ஏறினார். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பிறகும் அவர் வந்துபோகிறவராகவே இருந்தார். குழந்தைகளின் அழுகை பிறந்து ஆறு வாரமளவில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைகிறது என்று அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் 1962இல் எழுதினார். தேற்றப் பழக வேண்டிய அந்த வாரங்களில்தான் தகப்பன் ஊரில் இல்லை.

1983 இனக்கலவரத்துக்குப் பிறகு எல்லாம் மாறியது. ஆயிரக்கணக்கானோர் புலம்பெயர்ந்தார்கள், அம்மம்மா ஊரிலேயே நின்றுவிட்டார். நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன தமிழரின் வீடுகளில், நடுச்சாமத்தில் பிள்ளை அழுதால் எழும்ப இருவர்தான் இருந்தார்கள்.

அந்த நாடு 1993இல் தகப்பனுக்கென்றே நான்கு வார விடுப்பை ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் தாய்க்கும் கிடைக்காது. அதுவரை அரிதாகவே விடுப்பு எடுத்த தகப்பன்மார், சில ஆண்டுகளிலேயே பெரும்பான்மையாக எடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சட்டத்தின் அருமை வார எண்ணிக்கையில் இல்லை. தாய் வேலைக்குப் போய்விட, தகப்பனும் பிள்ளையும் தனித்திருக்கும் பகல்கள் அதனால் கிடைத்தன. பக்கத்தில் தாய் நின்றால், அழுகை கூடியதும் அவள் கை தானாக நீளும், அவனும் கொடுத்துவிடுவான். தனியாக இருக்கும்போதுதான் பசி அழுகை எது, நித்திரை அழுகை எது என்று அவனுக்குப் பிடிபடும்.

யப்பானின் ரிக்கன் ஆய்வகத்தார் 2013இல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தார்கள். தாய் இருந்தபடி ஏந்துவதைவிடத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அழுகையும் இதயத்துடிப்பும் விரைவாகத் தணிவதைக் கண்டார்கள். அம்மம்மா முற்றத்தில் நடந்தது வீணல்ல. தகப்பனின் தோளும் அதற்குப் போதும்.

இலங்கையில் அரச ஊழியரான தாய்க்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் விடுப்பு உண்டு. தகப்பனுக்கு மூன்று நாள். தனியார் துறைத் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஆறாவது வாரத்தைத் தாண்டும் விடுப்பை யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கும் கொடுக்க வேண்டும்.