கண்டிச் சீமையைக் கண்ட கமெரா

கண்டிக்கருகே திகனவை அடுத்திருந்த பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் மூழ்கி நாற்பதாண்டுகளாகின்றன. ஊர் மறைந்தபின் எஞ்சுவது படமே. ஆகவே, இம்மலைநாட்டைப் படம்பிடித்தவர்கள் எதைக் கண்டார்கள், எதைக் கேட்கத் தவறினார்கள் என்பது எனக்கு முக்கியமான கேள்வி.

லயனல் வென்ட் (1900-1944) கொழும்பில் பிறந்தவர், சட்டம் பயின்றவர், பியானோ கலைஞர். அவருக்குப் புகைப்படம் வெறும் பதிவன்று. இருட்டறையில் அச்சின் மீது மீண்டும் ஒளி பாய்ச்சி இருளையும் வெளிச்சத்தையும் இடம்மாற்றினார். பல படங்களை ஒன்றிணைத்துப் புதிய காட்சி சமைத்தார். கண்டிய நடனத்தைப் பேணவும் உழைத்தார்.

1934இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் ஒலிப்பது வென்டின் குரலே. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபதாண்டுகள் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை அவர் படிக்கிறார். தேயிலைப் பிரசார சபைக்காக எடுக்கப்பட்ட படம் அது. ஆயினும் வெறும் விளம்பரமாகச் சுருங்கவில்லை. கொழுந்து பறிக்கும் காட்சிகளின் மீது வணிகச் சந்தையின் விலைக் குரல்களை ஏற்றி, உழைப்புக்கும் இலாபத்துக்கும் இடையிலான தூரத்தைச் செவியில் உணர்த்தினார் ரைட்.

ஆனால் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் குரல் எங்கே? நொக்ஸ் பேசுகிறார், வணிகர் பேசுகின்றனர்; அவள் பேசவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவளது மக்களை நாடற்றவராக்கியது. படத்தில் இடம்பெற்றவர்களுக்கு நாட்டில் இடமில்லாது போயிற்று. வென்டின் கலையை நான் போற்றுகிறேன்; அந்த மௌனத்தையும் சேர்த்தே அப்படத்தைப் பார்க்கிறேன்.