வெண்ணெய்ச் சீட்டும் வீட்டு அடுப்பும்

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் சபைகளில் இருவகைக் குரல்கள் எழக் கேட்கிறோம். இல்லங்களில் முட்டை, வெண்ணெய், உலர்ந்த திராட்சை ஆகியவற்றின் விலையைப் பற்றிய பேச்சு ஒன்று. சில பிரசங்க பீடங்களிலிருந்து எழும் மற்றொரு குரல், கிறிஸ்துமஸ் கேக் திருமறையில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. அது புறமதத்தாரின் வழக்கம் என்றும், மெய் விசுவாசி அதைத் தன் வீட்டில் சுடலாகாது என்றும் தீர்ப்புரைக்கிறது. இவ்வாறு போதிக்கும் உடன் ஊழியரின் வைராக்கியத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் வீட்டு அடுப்பில் எது வேகலாம், எது வேகலாகாது என்று திருச்சபை கட்டளையிட்ட காலங்கள் இதற்கு முன்னும் இருந்தன. அக்கட்டளைகள் என்ன ஆயின என்பதைத் திருச்சபை வரலாறு கற்போர் அறிந்திருத்தல் நலம்.

நாம் முதலில் செல்லவேண்டிய இடம் ஜெர்மனியின் சாக்சனி நாடு. அங்கே கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென்று செய்யப்படும் 'ஸ்டோலன்' என்னும் பண்டம் நீள்வடிவமானது. சுட்டெடுத்தபின் உருக்கிய வெண்ணெய் பூசி, மேலே மாச்சர்க்கரை தூவுவதால், வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடத்திய குழந்தையைப் போலத் தோன்றும். முன்னணையில் கிடந்த பாலகனை அது குறிக்கிறது என்பது மக்கள் வழக்கு. 1329இல் நௌம்பர்க் நகரத்து ஆயர், ரொட்டி சுடுவோர் சங்கத்துக்கு உரிமைப் பத்திரம் வழங்கியபோது, கிறிஸ்து பிறப்பு விழாதோறும் இரண்டு நீண்ட கோதுமை ரொட்டிகளைத் தமக்குச் செலுத்தவேண்டும் என்று விதித்தார். 1474இல் டிரெஸ்டன் நகரத்துப் பர்த்தொலொமேயு மருத்துவமனைக் கணக்கிலும் இப்பண்டத்தின் பெயர் காணப்படுகிறது.

ஆயினும் அக்காலத்து ஸ்டோலனை உண்டவர் எவரும் அதை விருந்து என்று சொல்லியிரார். திருவருகைக் காலம் அன்று நோன்புக் காலம். இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. ஆகவே மாவு, நொதி, தண்ணீர், எண்ணெய் இவையே அதன் சேர்மானங்கள். ஒலிவ மரம் செழிக்கும் இத்தாலியில் வெண்ணெயை விலக்கி எண்ணெய் உண்பது பெருந்துன்பம் அன்று. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயோ ஒலிவம் இல்லை. கடுகு இனத்துச் செடிகளின் விதைகளை ஆட்டி எடுத்த கசந்த எண்ணெயே ஏழைகளுக்குக் கிடைத்தது. ரோமாபுரியில் இயற்றிய நோன்புச் சட்டத்தின் சுமையை உண்மையில் சுமந்தவர்கள் வடநாட்டுக் குடும்பத் தலைவியரே எனலாம்.

சாக்சனி ஆட்சியாளரின் வேண்டுகோளுக்கு இணங்கி 1491இல் போப் எட்டாம் இன்னொசெந்து விதிவிலக்கு அளித்தார். 'வெண்ணெய்க் கடிதம்' என்று வரலாற்றில் வழங்கும் பத்திரம் இதுவே. நோன்பு நாட்களில் வெண்ணெயும் பாலும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவேண்டும். அப்பணத்தின் ஒரு பகுதி, 1484இல் தீக்கிரையான ஃப்ரைபெர்க் பேராலயத்தை மீண்டும் கட்டுவதற்குச் சென்றது. பிரான்சிலும் இவ்வாறே நிகழ்ந்தது: ரூவான் நகரப் பேராலயத்தில் 1485இல் எழத் தொடங்கிய கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். லெந்து காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் செலுத்திய காசு அதன் கற்களாயிற்று. (எர்ன்ஸ்ட், ஆல்பிரெக்ட் என்னும் இளவரசர் இருவர் 1450இல் போப் ஐந்தாம் நிக்கொலாவிடம் வெண்ணெய் கேட்டு மறுக்கப்பட்டனர் என்னும் கதை சமையல் நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மூத்தவர் பிறந்ததே 1441இல். ஒன்பது வயதுச் சிறுவன் ரோமாபுரிக்கு விண்ணப்பம் அனுப்பினான் என்று நம்புவது கடினம்.)

இவ்விதிவிலக்கில் இரக்கமும் இருந்தது என்பதை மறுக்கலாகாது. இரக்கத்துக்கு விலை வைத்ததே கேடு. 1520இல் ஜெர்மானியக் கிறிஸ்தவப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் லூத்தர் இதனைச் சுட்டிக்காட்டுகிறார். தங்கள் காலணிக்கும் பூச விரும்பாத எண்ணெயை ரோமாபுரியார் நம்மை உண்ணச் செய்து, பின்பு வெண்ணெய் உண்ணும் சுதந்தரத்தை நமக்கே விற்கின்றனர் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சுவிட்சர்லாந்திலும் சீர்திருத்தம் சாப்பாட்டு மேசையில்தான் வெளிப்பட்டது. 1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில் சூரிக் நகரத்து அச்சகத்தார் ஃப்ரோஷவரின் வீட்டில் சிலர் இறைச்சித் துண்டுகளை உண்டனர். அங்கிருந்தும் உண்ணாத சுவிங்லி, உணவைத் தெரிந்துகொள்ளும் சுதந்தரத்தைக் குறித்துப் பிரசங்கித்து, அதை அச்சிட்டும் வெளியிட்டார். 1 தீமோத்தேயு 4ஆம் அதிகாரமும் கொலோசெயர் 2:16உம் அப்போராட்டத்தில் எத்துணை முறை எடுத்தாளப்பட்டன என்பதை மாணவர் அறிவர்.

இதுவரை கூறியது நம் வகுப்பறைகளில் விருப்பத்தோடு கற்பிக்கப்படும் பகுதி. இதன் மறுபாதியை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

1560இல் ஸ்காட்லாந்துச் சீர்திருத்தத் தலைவர்கள் வகுத்த ஒழுங்கு நூல், கிறிஸ்து பிறப்பு விழா உள்ளிட்ட பண்டிகைகள் தேவவசனத்தில் கட்டளையிடப்படாதவை ஆதலின் ஒழிக்கப்படவேண்டும் என்றது. மனிதர் ஏற்படுத்திய நாட்களால் விசுவாசியின் மனச்சாட்சி கட்டப்படலாகாது என்பதே அவர்களுடைய காரணம். அது நேர்மையான காரணமே. அதன் விளைவை 23 ஆண்டுகளுக்குப் பின் கிளாஸ்கோ நகரில் காண்கிறோம். 1583 டிசம்பர் 26ஆம் நாள் அந்நகர மூப்பர் மன்றம், 'யூல்' என்னும் பிறப்பு விழாவை ஆசரித்த குற்றத்துக்காக ஐவர் சபையார் முன்னிலையில் மனந்திரும்புதலை அறிக்கையிடவேண்டும் என்று தீர்மானித்தது. அதோடு நில்லாமல், ரொட்டி சுடுவோரை அழைத்து, யார் யாருக்கு யூல் ரொட்டி சுட்டுக் கொடுத்தீர்கள் என்று விசாரிக்கவும் கட்டளையிட்டது.

இக்கடைசி வரியை நாம் நிதானமாகப் படிக்கவேண்டும். பண்டிகை ஆராதனை நின்று போயிற்று. ஆலயக் கதவு மூடப்பட்டது. ஆனால் பண்டம் இல்லங்களில் நின்றது. அதைப் பிடிக்க மூப்பர்களுக்கு ஒரே வழிதான் இருந்தது, அடுப்புக்காரனைச் சாட்சியாக்குவது. வெண்ணெய்க்கு வரி வாங்கிய அதிகாரத்திலிருந்து விடுதலை பெற்ற சபை, ஒரு தலைமுறைக்குள் ரொட்டிக்கு உளவு பார்க்கும் நிலைக்கு வந்தது. சுதந்தரத்தின் பெயராலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் நம்மைக் கலங்கச் செய்கிறது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்து பிறப்பு நாள் பொது விடுமுறை ஆனது 1958இல்தான்.

இங்கிலாந்தின் கதை சிறிது வேறு. அங்கே 1592இல் இலண்டன் சந்தை அதிகாரி, வாசனைப் பண்டம் சேர்த்த கேக்குகளையும் இன்ரொட்டிகளையும் கடைக்காரர் விற்கலாகாது என்றும், அடக்க ஆராதனை, பெரிய வெள்ளி, கிறிஸ்து பிறப்பு விழா ஆகிய வேளைகளில் மட்டுமே விற்கலாம் என்றும் ஆணையிட்டார். மீறியவர்களின் பண்டங்கள் ஏழைகளுக்குச் சேரும். ஆணை கடைக்காரர் மேல்தான்; வீட்டில் சுடுவோரை அது தொடவில்லை. பியூரித்தானியர் ஆதிக்கம் பெற்ற பாராளுமன்றம் 1647 ஜூன் மாதத்தில் பிறப்பு விழா, உயிர்த்தெழுதல் விழா, பெந்தெகொஸ்தே விழா மூன்றையும் ஒழித்தது. அவ்வாண்டு டிசம்பர் 25இல் கடைகளைத் திறந்து வைக்குமாறு கேன்டர்பரி நகர மேயர் வற்புறுத்தவே, பெருங்கலகம் விளைந்தது. கிரோம்வெல் கிறிஸ்துமஸ் கேக்கைத் தடைசெய்தார் என்று எழுதுவோர் பலர். அச்சட்டம் உண்ணும் பண்டத்தைப் பற்றியதன்று. 1647இல் கிரோம்வெல் நாட்டின் தலைவரும் அல்லர். எனினும் அக்கரையில் மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் பிறப்பு விழாவை ஆசரிப்போருக்கு 5 ஷில்லிங் அபராதம் விதித்தது. 1681இல் அதை நீக்கியது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் லூத்தரன் சபையார் 1577ஆம் ஆண்டின் இணக்க அறிக்கையில், பத்தாம் பிரிவில், ஒரு வழியை வகுத்தனர். தேவவசனம் கட்டளையிடாததும் விலக்காததுமான காரியங்களை அவர்கள் 'அடியாஃபொரா' என்றனர். அப்படிப்பட்டவற்றில் சபைக்குச் சுதந்தரம் உண்டு. ஆனால் அதே காரியம் வற்புறுத்தலால் திணிக்கப்படும்போது அது வெறும் சிறு காரியமாக இராது, சுவிசேஷத்தின் காரியமாகிவிடும். 1548இல் பேரரசனின் நெருக்குதலால் பழைய சடங்குகளை ஏற்கவேண்டி வந்த அனுபவத்திலிருந்து பிறந்த வாக்கு இது. திணிப்பதற்கு மட்டுமன்றித் தடுப்பதற்கும் இது பொருந்தும் என்பது நம் கருத்து. நாளைப் பேணுகிறவனும் பேணாதவனும் கர்த்தருக்கென்றே செய்வதாக ரோமர் 14இல் பவுலடியார் கூறுவதை இவ்வொளியில் மீண்டும் படித்தல் தகும்.

கட்டளைகள் இவ்வாறு மாறி மாறி வர, அடுக்களை தன் வழியிலேயே நடந்தது. ஆங்கிலேயரிடையே செழித்த பழைய பண்டம் கிறிஸ்துமஸ் கேக் அன்று. ஜனவரி 6ஆம் நாளாகிய எபிபெனி விழாவுக்குரிய 'பன்னிரண்டாம் நாள் கேக்'. உள்ளே ஓர் அவரை விதை மறைந்திருக்கும். அத்துண்டைப் பெற்றவன் அவ்விரவுக்கு அரசன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விழாவின் மவுசு குறையவே, கேக் மெல்லப் பிறப்பு விழாவுக்கு இடம்பெயர்ந்தது. எந்தச் சங்கமும் கூடித் தீர்மானித்ததன்று இது. 1861இல் வெளியான திருமதி பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூலில் 'கிறிஸ்துமஸ் கேக்' என்ற பெயருடனேயே ஒரு செய்முறை உண்டு: மாவு, உருக்கிய வெண்ணெய், பாலேடு, சர்க்கரைப் பாகு, இஞ்சி, திராட்சை, இரண்டே முட்டை. இரும்பு அடுப்புகள் வீடுகளில் பரவிய காலம் அது. நாம் 'பிளம் கேக்' என்கிறோம். அதில் பிளம் பழம் இல்லையே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் அப்பெயர் வழங்கிற்று என்பதே விடை.

ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூலில் திருவருகைக்கு முந்திய ஞாயிறுக்குரிய சிறப்பு ஜெபம் 'ஸ்டர் அப்' என்று தொடங்கும். விசுவாசிகளின் சித்தத்தை எழுப்பும்படி ஆண்டவரை வேண்டும் ஜெபம் அது. அச்சொல்லுக்குக் கலக்குதல் என்றும் பொருள் உண்டு ஆதலால், ஆலயத்தில் அதைக் கேட்டு வீடு திரும்பிய பெண்கள் அன்றே பண்டிகைப் புட்டிங்குக்கு மாவு கலக்கத் தொடங்கினர். 'கலக்கும் ஞாயிறு' என்றே அந்நாளுக்குப் பெயர் நிலைத்தது. வழிபாட்டு ஒழுங்கு இல்லத்துக்குள் நுழைந்த விதம் இது. ஆணையால் அன்று, ஒரு நகைச்சுவையால்.

சாக்சனிக்கு ஒரு கணம் திரும்புவோம். அங்குள்ள குடும்பங்கள் வீட்டில் பிசைந்த மாவையோ, அதற்கான சேர்மானங்களையோ ஊர் அடுப்புக்குக் கொண்டுசென்று சுட்டு வாங்கின. ஒருவருடையது மற்றவருடையதோடு கலந்துவிடாதபடி பெயர் பொறித்த சிறு தகட்டை ஒவ்வொன்றிலும் செருகினர். 1949 முதல் 1990 வரை அந்நாடு கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச ஆட்சியில் இருந்தபோது திராட்சையும் வாதுமையும் அரிதாயின. மேற்கிலிருந்த உறவினர் அவற்றைப் பொட்டலங்களாக அனுப்ப, கிழக்கிலிருந்து சுட்ட ஸ்டோலன் நன்றிக் காணிக்கையாகத் திரும்பிச் சென்றது. பழத்தோலுக்குப் பதிலாகப் பச்சைத் தக்காளியையும் காரட்டையும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த காலமும் உண்டு.

இச்சாக்சனியே நமக்கும் அயல்நாடு அன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1682இல் பிறந்த புல்ஸ்நிட்ஸ் அந்நாட்டுச் சிற்றூர். 1558 முதல் 'மிளகுக் கேக்' சுடும் உரிமை பெற்ற ஊர் அது. மிளகு என்று பெயரிருந்தாலும் கீழ்த்திசை வாசனைப் பொருள்கள் அனைத்தையும் அச்சொல் குறித்தது. நம் கடற்கரைகளிலிருந்து புறப்பட்ட சரக்கு அவருடைய ஊரின் அடுப்பில் மணத்தது. பின்பு அவ்வூரார் ஒருவர் இக்கடற்கரைக்கு வந்தார். எனினும் நம் வீடுகளில் நிலைத்த கேக் ஜெர்மானியருடையதன்று. அது ஆங்கிலேயர் வழியாக வந்தது. வந்தபின் அது நம்மிடம் இருந்ததைக் கொண்டே வளர்ந்தது. ஈழத்தில் மாவுக்குப் பதில் ரவையும், முந்திரிப் பருப்பும், நீற்றுப்பூசணிப் பாகும், பன்னீரும் அதில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் சாராயத்தில் பழம் ஊறவைக்க மனம் ஒப்பாதவர்கள் பழச்சாற்றில் ஊறவைத்தனர். அடுப்பு இல்லாத வீடுகளில் பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, உள்ளே தட்டை வைத்து, மூடிமேல் தணல் இட்டுச் சுட்டனர். வேறு சிலர் கலக்கிய மாவைத் தட்டோடு பேக்கரிக்குக் கொண்டுசென்று, அடையாளமிட்டுக் கொடுத்து, தங்கள் முறை வரும்வரை காத்திருந்தனர். சாக்சனிப் பெண்களைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். வெண்ணெயும் முட்டையும் செறிந்த இப்பண்டத்துக்கு முன்னால் ஒருகாலத்தில் நான்கு வார விலக்கம் இருந்தது. நம்மிடம் விலக்கம் போய்விட்டது. டிசம்பர் முதல் வாரத்திலேயே அலுவலகங்களிலும் ஆலய மண்டபங்களிலும் கடையில் வாங்கிய கேக்கை வெட்டத் தொடங்குகிறோம். கேக்கைக் கண்டிக்கும் ஊழியர் இதைக் கண்டித்தால் நாமும் காது கொடுப்போம்.

வீட்டில் சுட்ட கேக்கின் துண்டு, அச்சுமுறுக்கோடும் முந்திரிக்கொத்தோடும் ஒரே தட்டில் அடுத்த வீட்டுக்குச் செல்கிறது. அடுத்த வீட்டார் பெரும்பாலும் கிறிஸ்தவர் அல்லர். தீபாவளிக்கு அத்தட்டு நிறைந்து திரும்பி வருகிறது. அதைப் பெற்றுக்கொள்ளலாமா என்று ஆயரிடம் வந்து கேட்கும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் கேக் சுடலாகாது என்னும் அதே பிரசங்க பீடம் அதற்கும் விடை வைத்திருக்கிறது. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களை முழுவதும் ஆராயாமல் அவ்விடையை ஏற்கவோ மறுக்கவோ இயலாது. அவ்வாராய்ச்சிக்கு இக்கட்டுரையில் இடமில்லை. பிறிதோர் இதழில் அதனைத் தொடர்வோம்.