வெள்ளிக் கணக்கும் ரூபாய்க் கணக்கும்

கணக்கை முடித்துப் புதுக்கணக்குத் தொடங்குவது எளிய காரியமென்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். வரவையும் பற்றையும் கூட்டிக் கழித்து, மிஞ்சியதைப் புதுப் பேரேட்டின் தலைப்பில் முன்னிருப்பாக எழுதிவிட்டால் போதும் என்பது, ஒரே நாணயம் வழங்கும் ஊருக்குப் பொருந்தும். ஊரில் ரூபாயும் இங்கே வெள்ளியுமாக வாழ்ந்த மலாய் நாட்டுத் தமிழருக்கு அது பொருந்தவில்லை.

சர்க்காருக்கே பொருந்தவில்லை! சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் இந்திய ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில், கச்சேரிக் கணக்கு ரூபாய், அணா, பையில் இருந்தது. கடைத்தெருவோ ஸ்பானிய வெள்ளியிலும் மெக்ஸிகோ வெள்ளியிலும் நடந்தது. 1867-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, இம்மூன்று ஊர்களும் லண்டன் குடியேற்ற நாட்டு இலாகாவின் கீழ் வந்தபொழுதுதான், ரூபாய் ஏடு மூடப்பெற்று வெள்ளி ஏடு திறக்கப்பெற்றது.

சர்க்கார் ஏட்டை மாற்றிக்கொள்ளலாம். கடல் கடந்து முதல் போட்டவனுக்கு அவ்வழி ஏது? நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடைகளை எடுத்துக்கொள்வோம். முதலாளியின் முதல் செட்டிநாட்டில் ரூபாயாக இருந்தது. கடன் கொடுத்ததும் வட்டி வாங்கியதும் இங்கே வெள்ளியில். ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்து அடுத்தவரிடம் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவார்.

இரண்டும் வெள்ளி உலோகத்தைச் சார்ந்திருந்தவரை, ஒரு வெள்ளிக்கு இரண்டேகால் ரூபாய்க்குச் சற்று மேல் மதிப்பிருந்தது. 1893-ல் இந்திய நாணயசாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்க மறுத்தன. ரூபாய் உலோகத்தை விட்டுப் பிரிந்தது. பின்னர் அது 1 ஷில்லிங் 4 பென்ஸாக நின்றது. 1906-ல் இந்நாட்டு வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸாக நிறுத்தப்பெற்றது. ஆகவே, ஒரு வெள்ளிக்கு ஒன்றேமுக்கால் ரூபாய். முதல் மகாயுத்தத்தின்போது ரூபாய் மீண்டும் ஏறத் தொடங்கி, ஏறியும் இறங்கியும் அலைந்து, 1927-ல் 1 ஷில்லிங் 6 பென்ஸில் நின்றது.

1914-ல் 10,000 ரூபாய் முதலாக வந்ததென்று வைத்துக்கொள்வோம். அது இங்கே 5,714 வெள்ளி 28 காசு. ஒரு காசும் குறையாமல் அத்தொகை 1928-ல் பெட்டியில் இருந்தாலும், ஊர்க் கணக்கில் அது 8,888 ரூபாய் 14 அணா தான். 1,111 ரூபாய் எங்கே போயிற்று? இடையில் வந்த ஏஜெண்டுகள் பழைய விகிதத்தையே எழுதிப் போயிருந்தால், கடைசியில் வந்தவர் தலையில் விடியும். வாராக் கடனோடு இதனையும் சேர்த்து ‘நஷ்டம்’ என ஒரே வரியில் எழுதிவிட்டால், சம்பளத்துக்கு உழைத்தவனின் நாணயமே சந்தேகத்துக்கு உள்ளாகும். இஃது அநீதியென்றே நாம் கூறுவோம்.

வெள்ளியை வெள்ளியாகவே முடித்து வெள்ளியாகவே திறக்கவேண்டும். பக்கத்தில் அன்றைய விகிதத்தோடு ரூபாய் மதிப்பைக் குறிக்கவேண்டும். விகிதம் மாறியதால் வந்த வித்தியாசத்துக்குத் தனிப் பற்று எழுதவேண்டும். மூடிய விகிதத்திலேயே திறத்தலும் அவசியம். மூடியது ஒரு விகிதம், திறந்தது வேறு விகிதம் என்றால், வித்தியாசம் எந்த ஏட்டிலும் அகப்படாது இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடும்.

ரூபாயும் வெள்ளியும் பெயரளவிலாவது வேறு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வழங்கிய வாழைமரத் தாளுக்கோ வெள்ளி என்றே பெயர்! பழைய வெள்ளியும் புதிய வெள்ளியும் ஒரே பத்தியில் ஏறின. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் ஜப்பானியத் தாள் செல்லாதென்றது. போருக்கு முன் பட்ட கடனை அத்தாளால் அடைத்தவர் எத்தனையோ பேர். அடைபட்டதா இல்லையா என்ற வழக்குகள் மன்றம் ஏறின. 1948-ல் இதற்கெனவே சட்டம் வந்தது. கடன் என்று பட்டது, பணம் என்று செலுத்தப்பட்டது என்பதையெல்லாம் பார்த்து, ஆக்கிரமிப்புக் காலக் கடனுக்குக் கால அட்டவணைப்படி மதிப்பிட்டது அச்சட்டம். ஆண்டு முடிவில் எல்லாவற்றையும் ஒரே இருப்பாகத் திரட்டி எழுதிவைத்து, பழைய ஏட்டை எறிந்துவிட்டவரிடம் தொகை இருந்தது, தேதி இல்லை.