ஆள் பாதி, ஆடை பாதி: வேலை தேடி அலைந்த ராமானுஜன்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். கல்லூரியில் கடைசி வருடம் வந்துவிட்டால் இந்தப் பழமொழியைக் கேட்காத மாணவரே இருக்க முடியாது. அயர்ன் செய்த சட்டை, ஷேவ் செய்த முகம், பாலீஷ் போட்ட ஷூ, தடுமாறாத பேச்சு என்று இன்டர்வியூவுக்கு ஒரு பட்டியலே கொடுத்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், 'திறமை இருந்தால் போதும், சட்டையில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கணித மேதை ராமானுஜன் நல்ல உதாரணம். ஆனால் அவர் வேலை தேடிய கதையை நிதானமாகப் பார்த்தால், இரண்டு கட்சி சொல்வதும் பாதிதான் சரி என்று தெரியும்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் போகாததால் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் நடக்கவில்லை, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் நடக்கவில்லை. 1909-ல் திருமணமும் ஆகிவிட்டது. டிகிரி கிடையாது, வருமானம் கிடையாது. கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே!

1910-ல் அந்த நோட்டுகளோடு அவர் வேலை கேட்டு வந்தது திருக்கோவிலூருக்கு. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த அந்த ஊர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. கல்வராயன் மலையில் இருக்கும் வெள்ளிமலையும் இதே மாவட்டம்தான். அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜன் கேட்டது வருவாய்த் துறையில் ஒரு சின்ன குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி ஐயர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட மூளையை தாலுகா ஆபீஸ் கோப்புகளுக்குள் முடக்கக் கூடாது என்று நினைத்து, சென்னையில் இருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார்.

அந்த வழியாக அதே ஆண்டு டிசம்பரில் ராமானுஜன் சந்தித்தவர், நெல்லூர் கலெக்டராக இருந்த ஆர். ராமச்சந்திர ராவ். நம் கட்டுரைக்கு முக்கியமான இடம் இதுதான். அந்த முதல் சந்திப்பை ராவ் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். குள்ளமான, பருத்த உருவம், சவரம் செய்யாத முகம், அவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாத தோற்றம், கக்கத்தில் ஒரு பழைய நோட்டு. பளபளத்த கண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தனவாம். இன்றைய இன்டர்வியூ பாடத்தின்படி பார்த்தால் கதவைத் திறந்ததுமே பெயில்!

நோட்டில் இருந்ததும் ராவுக்குப் புரியவில்லை. இவர் சொல்வதில் விஷயம் இருக்கிறதா, வெறும் உளறலா என்று முடிவு செய்ய முடியாமல், இன்னொரு நாள் வரச் சொன்னார். ராமானுஜன் மறுபடியும் போனார். எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அதற்குள் அளந்துவைத்திருந்தார். அதனால் இந்த முறை எளிய முடிவுகளை முதலில் காட்டினார். அவை புரிந்த பிறகு ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில்தான் தன்னுடைய கடினமான தொடர்களுக்கு வந்தார். ராவுக்குச் சந்தேகம் தீர்ந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர, சாப்பாட்டுக்கு வழி இருந்தால் போதும் என்பதுதான் பதில். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

தன்னம்பிக்கை என்றால் சத்தமாகப் பேசுவது என்று பலர் நினைக்கிறார்கள். ராமானுஜனிடம் இருந்தது வேறு வகை. 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு அவர் எழுதிய விண்ணப்பத்தைப் பாருங்கள். மெட்ரிகுலேஷன் தேறியது, எஃப்.ஏ. வரை படித்தும் மேலே தொடர முடியாமல் போனது, முழு நேரமும் கணிதத்தில் செலவிடுவது எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறார். வேலை கொடுத்தால் அதைச் சரியாகச் செய்வேன் என்ற உறுதியோடு முடிக்கிறார். குறையை மறைக்கவும் இல்லை, அதற்காகக் கூனிக் குறுகவும் இல்லை. மார்ச் 1-ல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தையும், தான் ஒரு குமாஸ்தா என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்.

அப்படியானால் ஆடை முக்கியமே இல்லையா? அவசரப்பட வேண்டாம். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறுவதற்கு முன் அவருடைய குடுமி எடுக்கப்பட்டது, வேட்டிக்குப் பதில் மேல்நாட்டு உடை வந்தது. உலகமே வியக்கப்போகும் மேதைக்கும் அந்த இடத்துக்கான உடை தேவைப்பட்டது!

இன்னொன்றும் இருக்கிறது. அழுக்குச் சட்டையோடு போன ராமானுஜனுக்கு இரண்டாவது சந்திப்பு கிடைத்தது ஏன்? அவர் போவதற்கு முன்பே சிபாரிசுக் கடிதங்கள் போயிருந்தன. கும்பகோணம் கல்லூரியில் அவரை அறிந்திருந்த பேராசிரியர் சேஷு ஐயர் எழுதிக்கொடுத்திருந்தார். துறைமுக வேலைக்கு, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் சிபாரிசு செய்தார். ராமசாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ் மூவரும் ராமானுஜனைப் போலவே பிராமணக் குடும்பங்களில் இருந்து படித்து மேலே வந்தவர்கள். திறமை அவருடையது, கதவைத் திறந்துவிட்டதில் இந்தப் பழக்கவழக்கத்துக்கும் பங்கு உண்டு.

வெள்ளிமலையில் இருந்து கச்சிராயபாளையம் வழியாக பஸ்ஸில் இறங்கி முதல் இன்டர்வியூவுக்குப் போகும் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அப்படிக் கடிதம் எழுத யார் இருக்கிறார்கள்? 'மறுபடியும் வா' என்று அவரிடம் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் துவைத்து அயர்ன் செய்த சட்டை அவருக்கு முக்கியம். அது அவருடைய சிபாரிசுக் கடிதம். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

ஆனால் சட்டை வாங்கித் தருவது முதல் ஐந்து நிமிடத்தைத்தான். அதற்குப் பிறகு, எதிரே இருப்பவருக்குப் புரிகிற இடத்தில் ஆரம்பித்து, தெரிந்ததைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும். கேட்டால் வேண்டியதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். இன்டர்வியூவுக்குத் தயாராகும் நண்பர்கள் ராமானுஜனிடம் கற்க வேண்டியது அந்த இரண்டாவது சந்திப்பைத்தான். முதல் சந்திப்பின் தாடியை அல்ல!