முற்றுகைக்குள் ஒரு திருக்கோவில்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்கள் எவை என வினவினால் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், வங்கத்துச் சந்திரநாகூர் என்று பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஊர் ஒன்று சென்னைக் கடற்கரையிலேயே உண்டு. சாந்தோம் 1672 ஜூலை முதல் 1674 செப்டம்பர் வரை, இருபத்தாறு மாதங்கள், பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் கொடிக்கீழ் இருந்தது. அந்த நாள்களின் துயரத்தில் பெரும்பங்கைச் சுமந்த ஊர்களுள் ஒன்று, அதன் வடபால் அமைந்த திருவல்லிக்கேணி.

சாந்தோம் போர்த்துக்கீசியர் எழுப்பிய நகரம். 1606 முதல் மறைமாவட்டத் தலைநகர். 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை அதைக் கைப்பற்றியது. பத்தாண்டுகள் கழித்து, தெ லா ஹே என்னும் தளபதியின் தலைமையில் ஒரு பிரெஞ்சுக் கப்பற்படை இக்கரையை வந்தடைந்தது. கோல்பேர் என்னும் அமைச்சரின் முயற்சியால் 1664இல் தோன்றிய பிரெஞ்சுக் கும்பினிக்குக் கீழைக்கடலில் நிலையான இடம் தேடித் தருவதே அப்படையின் பணி. இலங்கையின் திருகோணமலையில் காலூன்ற முயன்று ஒல்லாந்தரிடம் தோற்றுப் பசியோடும் நோயோடும் வந்தவர்கள் அவர்கள். உணவுப்பொருள் வாங்க இடம் கேட்டனர். கோல்கொண்டா அதிகாரிகள் மறுத்தனர். விளைவு போர். சில நாள்களில் கோட்டை வீழ்ந்தது. அரிசிக்காகத் தொடங்கிய சண்டை இது என்றால் மிகையாகாது. முடிந்ததும் அரிசி தீர்ந்தபோதுதான்!

கோல்கொண்டா வாளாவிருக்கவில்லை. பெரும்படை வந்து நகரைச் சூழ்ந்தது. 1673 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர் அதனை விரட்டினர். ஆயினும் அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தக் கடற்படை வந்து கடல்வழியை அடைத்தது. நிலத்தில் கோல்கொண்டாப் படை மீண்டும் திரண்டது. அப்போதுதான் திருவல்லிக்கேணி போர்க்களமாயிற்று.

பல்லவன் தந்திவர்மனின் கல்வெட்டைத் தாங்கி நிற்பது அவ்வூர்ப் பார்த்தசாரதி கோவில். திருமங்கையாழ்வாரின் பாடல் பெற்றது. படைத்தலைவனின் கண்ணுக்கோ அதில் தென்பட்டவை மூன்றே: உயர்ந்த மதில், நீருள்ள குளம், கடலுக்கும் சாந்தோமுக்கும் அண்மை. கரையிறங்கிய ஒல்லாந்தர் அங்கே நிலைகொண்டனர். அவர்களை அகற்றப் பிரெஞ்சுக்காரர் தாக்கியும் பயனில்லை. சாந்தோமிலோ, திருத்தூதர் தோமாவின் கல்லறையைக் கொண்ட ஊர் என்பதற்காக எவரும் பீரங்கியைத் தாழ்த்தவில்லை. சுவருக்குள் இருந்தோரும் வெளியே நின்றோரும், பிரெஞ்சுக்காரராயினும் ஒல்லாந்தராயினும், கிறிஸ்துவின் பெயரால் திருமுழுக்குப் பெற்றவர்களே.

ஆங்கிலேயரின் நிலை விந்தையானது. ஐரோப்பாவில் அவர்கள் அப்போது பிரான்சின் நண்பர்கள். ஆனால் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர் லாங்ஹார்ன், தம் வாயிலருகே பிரெஞ்சுச் சந்தை ஒன்று தழைப்பதை விரும்புவாரா? சுல்தானைப் பகைக்கவும் துணியவில்லை. 1673இல் மசூலிப்பட்டினக் கடலில் ஒல்லாந்தர் ஆங்கிலக் கப்பல்களை முறியடித்தனர். 1674 பிப்ரவரியில் இலண்டன் ஒல்லாந்தரோடு சமாதானம் செய்துகொண்டது. சாந்தோம் தனித்து விடப்பட்டது.

அதற்கு உயிர்மூச்சாக இருந்தது தெற்கே ஒரு சிற்றூர். முற்றுகைக் காலத்தில் தெ லா ஹே உதவி தேடி பெல்லாஞ்சே தெ லெஸ்பினே என்னும் இளைஞரை வாலிகண்டபுரத்துக்கு அனுப்பினார். பீஜப்பூரின் சார்பில் அங்கிருந்து ஆண்ட ஷேர்கான் லோதி, கடற்கரையில் புதுச்சேரி என்னும் ஊரை அளித்தார். 1673 பிப்ரவரி முதல் அங்கிருந்து உணவும் வெடிமருந்தும் சாந்தோமுக்குச் சென்றன. மறு ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரிக்கு வந்தார். ஆக, பிற்காலத்தில் தூய்ப்ளே கனவு கண்ட பேரரசின் தலைநகர், சாந்தோமுக்குச் சோறு அனுப்பும் துறையாகவே பிறந்தது எனலாம். 1674 செப்டம்பரில் தெ லா ஹே சரணடைந்து ஒல்லாந்தர் கொடுத்த கப்பல்களில் தாயகம் திரும்பினார். சாந்தோமின் அரண்களைக் கோல்கொண்டா ஆள்கள் இடித்தனர். இடிபடுவதில் ஆங்கிலேயருக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஊட்ட வேண்டிய நகரம் மறைந்த பின்னும் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. இடையில் 1693இல் ஒல்லாந்தர் பறித்து 1699இல் திருப்பித் தந்தனர்.

இந்நிகழ்ச்சிகளை நாம் அறிவது மர்த்தேனும் லெஸ்பினேயும் எழுதிவைத்த நினைவேடுகளாலும், அந்நாள்களில் இப்பகுதிக்கு வந்திருந்த பிரெஞ்சுக் குரு அபே கர்ரேயின் பயணக் குறிப்புகளாலும். மூவரும் கூர்மையான கண் படைத்தவர்கள். ஆயினும் மூவரும் ஒரே பக்கத்தவர். அவர்கள் எழுதிய உலகில் அரிசி 'வந்தது', படகு 'சென்றது', சுமை 'ஏற்றப்பட்டது'. அந்த வினைகளுக்கு எழுவாய் தேடினால் நம் மக்கள் கிடைப்பார்கள்: இரவில் அலையைக் கடந்து மசூலாப் படகு செலுத்திய செம்படவர், தறியை விட்டு ஓடிய நெசவாளர், மதிலுக்குள் அந்நியப் படை புகுந்ததைக் கண்ட அர்ச்சகர். இவர்களுள் எவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. பெரம்பூரில் 1709இல் பிறந்து புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய பிறகே, பிரெஞ்சு ஆட்சியைத் தமிழ்க் கண் வழியாக நாளுக்கு நாள் காண முடிகிறது. பிள்ளையவர்களோ துபாஷி, செல்வர். படகோட்டியின் குரல் அங்கும் தாழ்ந்தே ஒலிக்கிறது. எனினும் 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்த செய்தியை அவர் ஏட்டில் படிப்பவர், 1673ஆம் ஆண்டுக்கு அப்படி ஓர் ஏடு இல்லையே என ஏங்காதிருக்க இயலாது.

போர் ஓய்ந்த சில ஆண்டுகளில் படைகள் அகன்றன. கோவிலில் ஆராதனை நடந்தது. போர்த்துக்கீசியரும் சாந்தோமுக்குத் திரும்பினர். 1676இல் திருவல்லிக்கேணியை ஆங்கிலக் கும்பினி கோல்கொண்டாவிடமிருந்து குத்தகைக்குப் பெற்றது. ஆண்டுக் குத்தகை 50 வராகன்.