பழவேற்காட்டுப் பறவைகளும் பாடு முறையும்



கடந்த பிப்ரவரியில் நம் குடியிருப்பிலிருந்து இரண்டு வேன்களில் பழவேற்காடு போய் வந்தோம். வந்தவர்கள் எடுத்த பூநாரைப் படங்கள் போதும் போதும் என்ற அளவுக்கு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. அதனால் நான் பயணக் கட்டுரை எழுதப் போவதில்லை. திரும்பும் வழியில் பொன்னேரியில் டீ குடிக்க நிறுத்தியபோது, பி பிளாக் அக்கா ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “பறவைகள் சரணாலயம்னு போர்டு வச்சிருக்காங்க. ஆனா ஏரி முழுக்க வலையும் படகுமா இருக்கே, யாரும் தடுக்க மாட்டாங்களா?” நியாயமான கேள்விதான் என்று பாதி வேன் தலையாட்டியது. எனக்கு உடனே பதில் வரவில்லை. உங்களில் பலருக்கும் இதே எண்ணம் வந்திருக்கலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாம் போனது மாசி மாதத்தில். பறவை பார்க்கப் பொங்கல் சமயம்தான் சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எண்ணிக்கைக்கு அது சரி. ஆனால் மாசியிலும் பங்குனியிலும்தான் ஒரு விசேஷத்தைப் பார்க்கலாம்: வந்த விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பத் தயாராவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரி அப்போது வற்றத் தொடங்கி, ஓரங்களில் சேறு தெரியும். அந்தச் சேற்றில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓயாமல் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? நெடும்பயணத்துக்கு வேண்டிய கொழுப்பை உடம்பில் சேர்க்கும் வேலை அது. வளைமூக்கு உள்ளான் முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில். குளிர்காலம் முழுக்க வெளுத்திருக்கும் அதன் மார்பும் வயிறும், கிளம்பும் நாள் நெருங்க நெருங்கச் செங்கல் நிறத்துக்கு மாறும். பாலத்தருகே பறந்த கடற்காகங்களில் சிலவற்றுக்கு மட்டும் தலை பழுப்பாக இருந்ததைக் குழந்தைகள் கவனித்தார்கள். அவை வேறு இனமல்ல. எல்லாம் பழுப்புத்தலைக் கடற்காகங்கள்தான். குளிர்காலத்தில் வெளுத்திருக்கும் தலைக்கு இந்த மாதங்களில் பழுப்புத் தொப்பி முளைக்கும். தொப்பி முழுதாக வந்தவை சீக்கிரம் லடாக், திபெத் பக்கத்து உயரமான ஏரிகளுக்குப் புறப்படும். ஊசிவால் வாத்துகளும் தட்டைவாயன்களும் பங்குனிக்குள் பெரும்பாலும் போய்விடும்.

பூநாரை கதை கொஞ்சம் வேறு. இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டும் இடம் கட்ச் பாலைவனத்து உப்புச் சேறு. சாலிம் அலி 1945-இல் அங்கே போய், லட்சக்கணக்கில் பறவைகள் கூடியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பழவேற்காட்டில் எல்லாப் பூநாரைகளும் ஒரே நாளில் கிளம்புவதில்லை. இளம் பறவைகள் பல மாதம் தங்கிவிடுவதும் உண்டு. இன்னொன்று, பூநாரை மீனுக்குப் போட்டி இல்லை. தலையைக் கவிழ்த்து நீரை அலகால் வடிகட்டி, நுண்ணிய இறால் வகைகளையும் பாசியையும் தின்னும் பறவை அது. மீன் தின்பவை கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான். அவற்றின் மேல் மீனவர்களுக்கு லேசான வருத்தம் இருந்தால் அதில் தப்பும் இல்லை.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தென்கோடி மட்டும் நம் பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். எதிர்ப்பக்கம் நடந்தே போய்விடலாம் போலிருக்கிறதே என்று நம் பிள்ளைகள் சொன்னது முழுக்கத் தவறில்லை. இந்த ஆழமின்மைதான் இந்த ஊரின் வரலாறு முழுவதையும் எழுதியிருக்கிறது.

இரண்டாம் வேங்கடரின் விஜயநகர அரசிடம் அனுமதி பெற்று 1610-இல் டச்சுக்காரர்கள் இங்கே வந்து அமர்ந்தார்கள். இரண்டே வருடத்தில் சாந்தோம் போர்த்துகீசியர் வந்து அவர்களுடைய கிடங்கை அழித்தார்கள். அதனால் 1613-இல் கோட்டை எழுந்தது. டச்சு நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்டிரியா என்று பெயர். இன்று அது புதர் மண்டிய மேடு. எதிரே உள்ள டச்சுக் கல்லறையை மட்டும் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்த்து நம் பிள்ளைகள் அலறியது அங்கேதான். பெரிய கப்பல் எதுவும் முகத்துவாரத்தைத் தாண்டி உள்ளே வர முடியாது. அவை வெளியே நங்கூரமிட்டு நிற்க, உள்ளூர்ப் படகுகள்தான் சரக்கை ஏற்றி இறக்கின. சரக்கு என்பது பெரும்பாலும் துணி. வெடிமருந்தும் செய்தார்கள், மனிதர்களையும் அடிமைகளாக்கிப் பதாவியாவுக்கு அனுப்பினார்கள். மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், கட்டம் போட்ட கைலிக்கு அங்கே இன்றும் ‘பெலிக்காட்’ என்றுதான் பெயர். அது நம் பழவேற்காடுதான்.

1690-இல் டச்சுத் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். படகு தள்ளியவர்களின் குப்பங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் குப்பங்களில் இன்றும் நடப்பது ‘பாடு’ முறை. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில், கடலுக்கும் ஏரிக்கும் போய்வரும் இறாலைக் கழி நட்டுக் கட்டிய வலையில் பிடிப்பார்கள். நல்ல இடங்கள் கொஞ்சம்தான், வலைகள் அதிகம். எல்லோரும் ஒரே இடத்தில் இறங்கினால் தினமும் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று குப்பங்களும் முறை வைத்துக்கொண்டன. தலைக்கட்டு ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் குலுக்கி, எந்த நாள் எந்த இடம் என்று தீர்த்துக்கொள்வார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கழி வலைக்கு இதே போன்ற குலுக்கல் உண்டு. நம் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்குக் குலுக்கல் வைத்து, அதிலும் மூன்று மாதம் சண்டை போட்டவர்கள் நாம். அந்த முறையின் அருமை நமக்குப் புரிய வேண்டும். ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: பாடு எல்லோருக்கும் கிடையாது. முறைக்கு வெளியே நிற்பவர்கள், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் உட்பட, ஓரத்து நீரில் கிடைத்ததைக் கொண்டு பிழைக்கிறார்கள்.

இனி பறவைகளின் பதிவைப் பார்ப்போம். புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி, சென்னைப் பறவைகளைப் பற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிய விவரங்கள் 1713-இல் ஜான் ரேயின் நூலில் அச்சேறின. இந்தியப் பறவைகளின் மிகப் பழைய அச்சுப் பட்டியல்களில் அது ஒன்று. பாதுகாப்பு என்று பார்த்தால் வேடந்தாங்கல்தான் முன்னோடி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று அந்தக் கிராமத்தார் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். கிராமத்தார் ஏன் கேட்டார்கள்? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். பறவை இருந்தால் நெல் விளையும்.

பழவேற்காட்டில் அப்படி நடக்கவில்லை. 1972-இன் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு, ஆந்திரப் பகுதி 1976-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலும் சரணாலயமாக அரசால் அறிவிக்கப்பட்டன. பாடு அதற்கு வெகு காலம் முன்பே இருந்தது. சட்டப்படி, ஒரு இடத்தைச் சரணாலயமாக்கினால் அங்கே முன்பிருந்த உரிமைகளை கலெக்டர் விசாரித்துத் தீர்க்க வேண்டும். அந்த வேலை பல பத்தாண்டுகள் இழுத்தது என்பது குப்பத்துக்காரர்களின் நெடுநாள் குறை. ஆக, அக்கா, வலை சரணாலயத்துக்குள் வரவில்லை. வலை இருந்த இடத்தின் மேல் சரணாலயம் வந்தது.

என் கருத்து, பறவைக்கு உண்மையான ஆபத்து இந்த வலைகளால் அல்ல. முகத்துவாரத்தைப் பாருங்கள். இந்தக் கரையோரமாகக் கடல் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் வாயைத் திறக்கும். கோடையில் மணல் அதை அடைக்கும். அடைத்துவிட்டால் கடலில் பிறந்த இறால் குஞ்சு ஏரிக்குள் வளர வர முடியாது; பாடு வெறும் சீட்டாகிவிடும். படகும் கடலுக்குப் போக முடியாது. கடல்நீர் வந்து போகாத சேற்றில் புழுவும் சிறு சிப்பியும் குறையும். உள்ளான்கள் சைபீரியா போக வேண்டிய கொழுப்பு அதிலிருந்துதான் வருகிறது. அடைப்பு அடிக்கடி ஆவதற்குத் தெற்கே கட்டிய துறைமுகங்களின் தடுப்புச் சுவர்களும் காரணம் என்று மீனவர்கள் சொல்கிறார்கள். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று பல வருடமாகக் கோரி வந்தவர்களும் அவர்களே. அந்தக் கோரிக்கை மனுவில் பறவைகள் கையெழுத்துப் போட முடிந்திருந்தால் போட்டிருக்கும்.

அடுத்த பிப்ரவரியிலும் வேன் ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். வருபவர்களுக்குச் சில குறிப்புகள். யார் கூப்பிட்டாலும் படகில் ஏற வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று நடந்த படகு விபத்தில் 22 பேர் இறந்த ஊர் அது. கரையிலிருந்தும் பாலத்திலிருந்தும் பார்த்தாலே போதும். கூட்டமாகப் பூநாரை பார்க்க ஆசைப்படுபவர்கள், சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் நின்றால் இரு பக்கமும் ஏரிதான். பைனாகுலர் இல்லாதவர்கள் என்னிடம் உள்ளதை வாங்கிக்கொள்ளலாம். பார்த்ததை ஈபேர்டு செயலியில் பதிந்தால் நல்லது. வளாகத்திலேயே பழக விரும்பும் பிள்ளைகளுக்குப் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. மீன் வாங்க ஐஸ் பெட்டி மறக்காமல் கொண்டு வாருங்கள். கரையில் இறாலுக்குப் பேரம் பேசும் முன், இன்று பாடு யாருக்கு என்று ஒரு வார்த்தை விசாரித்துப் பாருங்கள். பேச்சு அதன் பிறகு வேறு மாதிரி போகும்.