மெக்காலெஸ்டரில் நிரப்பிய குண்டு

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மெக்காலெஸ்டர் என்றொரு சிற்றூர். அங்கே ராணுவத்துக்குச் சொந்தமான வெடிமருந்து ஆலை இருக்கிறது. டெக்சாஸின் கார்லண்டில் செய்த வெற்று உருக்குக் கூடுகள் இங்கே வந்து சேர, டிஎன்டியும் அலுமினியத் தூளும் கலந்த மருந்தை உருக்கி ஊற்றுகிறார்கள். ஒரு கூட்டுக்கு 400 கிலோவுக்கு மேல் பிடிக்கும். மொத்த எடை 2,000 பவுண்டு. பெயர் மார்க்-84.

வியட்நாம் போர்க் காலத்தில் புழக்கத்துக்கு வந்த குண்டு இது. விழுந்த இடத்தில் 15 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறிக்கும். சிதறும் உருக்குச் சில்லுகள் 300 மீட்டர் தாண்டி நிற்பவரையும் கொல்லும். வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும் காஸாவில் இதைப் போட்டால் யார் யார் சாவார்கள் என்று சொல்ல ராணுவ நிபுணர் வேண்டியதில்லை.

இஸ்ரேல் இதை வாங்குவது பெரும்பாலும் அமெரிக்கப் பணத்தில். ஒபாமா காலத்தில், 2016இல் போட்ட ஒப்பந்தப்படி 2019 முதல் 2028 வரை 3,800 கோடி டாலர் ராணுவ உதவி. பணமும் தந்து சரக்கும் தருகிறவர் பேச்சு எடுபட வேண்டும். ஒரு காலத்தில் ஓரளவு எடுபட்டது: லெபனானில் இஸ்ரேல் கொத்துக்குண்டுகளைப் பயன்படுத்தியதற்காக 1982இல் ரீகன் அவற்றை அனுப்புவதை நிறுத்தினார். ஆறு ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது.

2024 மே மாதம் பைடனும் ஒரு கப்பல் சரக்கை நிறுத்திவைத்தார். அதில் மார்க்-84 மட்டும் 1,800. லட்சக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்திருந்த ரஃபாவுக்குள் இஸ்ரேல் படை நுழையக் கூடாது என்பது அவர் நிபந்தனை. இந்தக் குண்டுகளால் காஸாவில் பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்று சிஎன்என் பேட்டியில் வாய்விட்டே ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே இதே ரகம் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது. படை ரஃபாவுக்குள் போனது. அதே நாட்களில் அமெரிக்க விமானங்கள் காஸா மீது உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஏறத்தாழ 23 கோடி டாலர் செலவில் அமெரிக்க ராணுவம் கட்டிய மிதவைத் துறை, அலையடித்து உடைந்து, இரண்டே மாதத்தில் மூடப்பட்டது. நட்பு நாடு நிலவழியைத் தாராளமாகத் திறந்திருந்தால் இந்தத் துறைக்கே அவசியம் வந்திருக்காது.

செப்டம்பரில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. 25ஆம் தேதி அமெரிக்காவும் பிரான்சும் லெபனானில் 21 நாள் போர்நிறுத்தம் கோரின. 27ஆம் தேதி பெய்ரூட்டின் தெற்குப் புறநகரில் பல அடுக்குமாடிகளைத் தரைமட்டமாக்கி ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லாவை இஸ்ரேல் கொன்றது. போட்டது மார்க்-84 வகைக் குண்டு என்றார், கடற்படை விமானியாக இருந்த செனட்டர் மார்க் கெல்லி. தங்களுக்கு முன்கூட்டித் தகவல் இல்லை என்றது பென்டகன். அக்டோபர் 1 அன்று ஈரான் இஸ்ரேல் மீது சுமார் 180 ஏவுகணைகளை வீச, அவற்றைத் தடுக்க அமெரிக்கப் போர்க்கப்பல்களும் சுட்டன. குண்டு அமெரிக்காவினுடையது, முடிவு இஸ்ரேலினுடையது, பதிலடியைத் தாங்கும் வேலை மறுபடி அமெரிக்காவினுடையது. அமெரிக்கா சமாதானம் பேச வரும்போது அரபுத் தலைநகரங்கள் அதை ஏன் நம்ப வேண்டும்?

தடுத்துவைத்த 1,800 குண்டுகளை 2025 ஜனவரியில் டிரம்ப் விடுவித்தார். பிப்ரவரி நடுவில் அவை அஷ்தோத் துறைமுகத்தில் இறங்கின. டஜன் கணக்கான லாரிகள் அவற்றை விமானத் தளங்களுக்கு ஏற்றிச் சென்றன. மாத முடிவில், அவசரநிலை என்று காரணம் காட்டி, நாடாளுமன்றப் பரிசீலனைக்குக் காத்திராமல் வெளியுறவு அமைச்சர் ரூபியோ மேலும் 35,529 குண்டுக் கூடுகளை விற்க ஒப்புதல் தந்தார். அதைத் தடுக்கச் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் ஏப்ரல் 3 அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 15, எதிர்ப்பு 82.